நம் வண்டியை நாமே பார்த்துக்கொண்டால் என்ன?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

காலை பத்து மணி அளவில் நம் கல்லூரியின் வண்டி நிறுத்துமிடத்தை ஒரு முறை சுற்றி வந்தால் போதும், இன்றைய மாணவர் உலகைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதிவிடலாம். வேப்பமர நிழலைப் பிடிக்க நடக்கும் போட்டி ஒருபுறம் இருக்கட்டும். நிற்கின்ற வண்டிகளில் பலவற்றின் செயின் காய்ந்து துருவேறிக் கிடக்கும். பின் டயரில் காற்று குறைந்திருக்கும். ஆனால் முன்புறம் ஒட்டிய நடிகர் படமோ, பெட்ரோல் டாங்கில் எழுதிய பெயரோ சிறிதும் மங்கியிராது! வண்டியின் விலை என்ன, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், எந்தப் படத்தில் யார் ஓட்டினார் என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவோம். என்ஜின் ஆயிலை வடிக்கும் போல்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் மெக்கானிக்குக்குத் தெரியும்" என்று நகர்ந்துவிடுவோம்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். வண்டிக்குரிய பராமரிப்பை நாமே செய்துகொள்வதா, காசு கொடுத்துப் பட்டறையில் விடுவதா என்பது கேள்வி. கார் வைத்திருப்போர் நம் கல்லூரியில் பேராசிரியப் பெருமக்கள் சிலர் மட்டுமே என்பதால், மாணவர் நமக்குப் பழக்கமான இரு சக்கர வண்டியை எடுத்துக்கொள்கிறேன். சொல்லப்போவதில் பெரும்பகுதி நான்கு சக்கரத்துக்கும் பொருந்தும்.

எங்கள் அப்பா பால் வியாபாரி. தருமபுரி மாவட்டத்தில் ஒரு சிற்றூர். விடியற்காலை நான்கு மணிக்கு டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியின் இருபுறமும் கேன்களைக் கட்டிக்கொண்டு புறப்பட்டால், ஏழெட்டு ஊர்களில் பால் எடுத்து, டீக்கடைகளுக்கு ஊற்றிவிட்டு வீடு திரும்ப ஒன்பது மணி ஆகிவிடும். 1980-இல் ஓசூரில் டி.வி.எஸ். 50 பிறந்த நாளிலிருந்து, நம் பக்கத்துச் சிறு வியாபாரிகளுக்கு வாய்த்த வாகனம் அந்தக் குடும்பத்து வண்டிதான். பால் கேன், கீரைக் கட்டு, எவர்சில்வர் பாத்திரம், கோழிக் கூண்டு என்று அது சுமக்காத பொருள் இல்லை. அப்பாவின் வண்டி பழைய டூ ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தது. பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டும். ஆயில் மிகுந்தால் பிளக் கரி பிடித்து வண்டி நின்றுபோகும். குறைந்தால் பிஸ்டனே பிடித்துக்கொள்ளும். விடியற்காலை நான்கரை மணிக்கு, ஊருக்கும் ஊருக்கும் நடுவில் வண்டி நின்றால் எந்தப் பட்டறை திறந்திருக்கும்? பாலோ காத்திருக்காது, வெயில் ஏறினால் திரிந்துவிடும். ஆகவே ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அப்பா, பிளக்கைக் கழற்றி எமரித் தாளால் தேய்க்கவும், கார்பரேட்டரில் அடைத்த தூசியை ஊதி எடுக்கவும், செயினை இழுத்துக் கட்டவும், பிரேக் கம்பியை முறுக்கிச் சரிசெய்யவும் தாமாகவே கற்றுக்கொண்டார். டார்ச் விளக்கை வாயில் கவ்வியபடி ஐந்து நிமிடத்தில் பிளக்கை மாற்றிவிடுவார்.

இத்தனையும் தெரிந்த அப்பா, நான் ஸ்பானரைத் தொட்டால் மட்டும் பொறுக்கமாட்டார்.

"நீ எதுக்குடா கைய வெக்கிற? காலேஜ் போற பையன். நான்தான் கரி பூசிக்கிட்டுக் கெடக்கிறேன், நீயுமா?"

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அந்தச் சொற்களில் இருக்கும் அன்பு எனக்குப் புரியாமல் இல்லை. தம் கையில் படிந்த கரி மகன் கையில் படியக் கூடாது என்பதற்காகத்தான் அவர் நான்கு மணிக்கு எழுகிறார். ஆனால் அந்த அன்புக்குள் மிகப் பழைய தீர்ப்பு ஒன்றும் ஒளிந்திருக்கிறது. படித்தவன் கை சுத்தமாக இருக்க வேண்டும். கை அழுக்கானவன் படியாதவன் என்பதே அத்தீர்ப்பு. இதை எழுதியவர் அப்பா இல்லை. பல நூற்றாண்டுகளாக உழைக்கும் கையைத் தாழ்வாகவும் ஏட்டைப் புரட்டும் கையை உயர்வாகவும் வைத்த இந்தச் சமுதாயம் எழுதியது. நம்மைப் போல முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களும் அதையே ஏற்றுக்கொண்டால், நாம் பெற்ற பட்டம் யார் பக்கம் நிற்கிறது? நண்பர்கள் சிந்திக்க வேண்டும்.

இது நிற்க. முதலில் காசுக் கணக்கைப் பார்த்துவிடலாம். எல்லாரும் கேட்பது அதைத்தானே.

இன்று நம்மில் பலர் ஓட்டும் 100 சி.சி. போர் ஸ்ட்ரோக் வண்டிக்கு ஒரு முறை மாற்ற ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆயில் போதும். நல்ல ஆயில் 400 ரூபாய் அளவில் கிடைக்கிறது. பிளக் ஒன்று 100 ரூபாய்க்கு அக்கம் பக்கம். செயினுக்குத் தடவும் எண்ணெய் ஒரு டப்பா வாங்கினால் பல மாதம் வரும். பட்டறையில் விட்டால் இவற்றோடு கூலியும், பெரிய சர்வீஸ் நிலையமாக இருந்தால் கூலியின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும், "கன்ஸ்யூமபிள்ஸ்" என்று பில்லில் போடப்படும் பெயர் தெரியாத சில்லறைப் பொருள்களும் சேரும். நாமே செய்தால் ஒரு சர்வீசுக்குச் சில நூறு ரூபாய் மிஞ்சும். உண்மைதான், ஆனால் மலைப்பதற்கு ஒன்றுமில்லை. முதல் முறை ஸ்பானர், பிளக் ஸ்பானர், ஆயில் வடிக்கும் தட்டு என்று வாங்கும் செலவிலேயே ஓராண்டு மிச்சம் கரைந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையும் போய்விடும். "மிச்சம் பிடிக்கலாம்" என்று மட்டும் சொல்லி ஒருவரை இந்த வேலைக்கு இழுப்பவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

மறு பாதி என்ன என்பதை என் சித்தப்பா மகனின் பில் எனக்குக் காட்டியது. அவன் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். தவணையில் வாங்கிய வண்டியை ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்தில் விட்டிருந்தான். பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, குளிர்சாதன அறை, காபி எல்லாம் உண்டு. வண்டிக்கு என்ன செய்கிறார்கள் என்று பார்க்க மட்டும் வழியில்லை. மாலையில் 2,300 ரூபாய்க்கு ஒரு பில்லைக் கொடுத்தார்கள். அதில் பதினொரு வரிகள். ஏர் பில்டர் மாற்றியதாக ஒரு வரி. பாலிஷ் போட்டதாக ஒரு வரி. பெட்ரோலில் கலக்கும் ஏதோ ஒரு திரவத்துக்கு ஒரு வரி. அவன் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டான். வீட்டில் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே இருந்தது தூசியும் பூச்சி இறகும் அப்பிய பழைய பில்டர்! திரும்பப் போய்க் கேட்டபோது, "பையன் மறந்துட்டான் சார்" என்று அங்கேயே மாற்றித் தந்தார்கள். மறதியாகவே இருக்கலாம். நான் சொல்ல வந்தது வேறு. நான்கு திருகாணியைக் கழற்றிப் பார்க்கத் தெரிந்ததால் அந்த மறதி வெளியே வந்தது. தெரியாதிருந்தால்? பி.காம். படித்தவன், வரவு செலவு ஏட்டில் ஒரு பைசா வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பவன், தன் வண்டியின் பில்லைப் படிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போட்டான் என்பதே என்னை உறுத்தியது. தாத்தா காலத்தில் பத்திரத்தில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தார்கள். நாம் பேனாவால் அதையே செய்கிறோம் போலும்.

ஆகவே என் கருத்து இதுதான். எல்லா வேலையையும் நாமே செய்ய வேண்டியதில்லை. ஆனால் சின்ன வேலைகளை நாமே செய்ய வேண்டும். அவற்றைச் செய்தவனுக்குத்தான் பெரிய வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கும் தகுதி வருகிறது.

எவை சின்ன வேலைகள்? வாரம் ஒரு முறை காற்று பார்ப்பது முதலாவது. பொதுவான 100 சி.சி. வண்டிக்கு முன் சக்கரத்தில் 25, பின் சக்கரத்தில் 28 என்ற அளவு இருக்கும். பின்னால் ஆள் ஏறினால் பின் சக்கரத்துக்குக் கூடுதலாக வைக்க வேண்டும். சரியான அளவு வண்டியோடு தந்த சிறு புத்தகத்திலும், பல வண்டிகளில் செயின் கவசத்தின் மீதே ஒட்டியும் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தைப் பிரித்திருக்கிறோம்? (பெரும்பாலும் அது பீரோவில் அம்மாவின் பட்டுப் புடவைக்குக் கீழே ஆர்.சி. புத்தகத்தோடு பத்திரமாக உறங்கும்.) செயினைத் துடைத்து எண்ணெய் இடுவதும், அதன் தளர்ச்சியைப் பார்ப்பதும் அடுத்தது. விரலால் மேலும் கீழும் தள்ளினால் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் ஆட வேண்டும். இறுக்கமாக இருப்பதுதான் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின் சக்கரம் மேலும் கீழும் அசைகிறது, அப்போது செயினின் இழுப்பும் கூடுகிறது. இடைவெளியே இல்லாமல் கட்டினால் அந்த இழுப்பை எல்லாம் பேரிங் தாங்க வேண்டும். தளர்வாக விட்டாலோ பல் சக்கரத்திலிருந்து செயின் கழன்றுவிடும். ஆயில் மாற்றுவதும், பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பதும், ஏர் பில்டரைக் கவனிப்பதும் இந்த வரிசையில் வருபவையே. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. பஞ்சு வகை பில்டரைக் கழுவிக் காயவைத்து எண்ணெய் நனைத்து மீண்டும் போடலாம். காகித பில்டரைக் கழுவினால் அது அத்தோடு சரி.

ஆயில் மாற்றும் இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், ஏனெனில் இங்கே நம் பாடம் வருகிறது. முதலாம் ஆண்டு செய்முறை வகுப்பில் உயரமான கண்ணாடி ஜாடியில் விளக்கெண்ணெயை ஊற்றி, சின்னஞ்சிறு எஃகுக் குண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, அது இரண்டு கோடுகளுக்கு இடையே இறங்கும் நேரத்தைக் குறித்து, ஸ்டோக்ஸ் விதிப்படி பாகியல் எண் கண்டுபிடித்தோம் அல்லவா? பதிவேட்டில் எட்டுப் பக்கம் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டோம். அந்தப் பாகுநிலைதான் வெளியே நிற்கும் வண்டியின் உயிர். ஆயில் டப்பாவின் மேல் 10டபிள்யூ-30 என்று போட்டிருப்பது அதைத்தான் குறிக்கிறது. குளிரில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதற்கு முதல் எண், சூட்டில் எவ்வளவு கெட்டித்தன்மை நிற்கும் என்பதற்கு இரண்டாவது எண். ஓட ஓட அந்த ஆயிலில் கரியும், எரியாத பெட்ரோலும், உலோகத் துகளும் கலந்து அதன் குணம் மாறிப்போகிறது. ஒரு சொட்டு பழைய ஆயிலையும் ஒரு சொட்டு புதிய ஆயிலையும் இரண்டு விரல்களுக்கு இடையே தேய்த்துப் பார்த்தால் வேறுபாடு கைக்கே தெரியும். எட்டுப் பக்கப் பதிவேடு எனக்குச் சொல்லாததை அந்த இரண்டு சொட்டு சொன்னது என்றால் மிகையாகாது.

திருப்புத் திறனும் அப்படியே. விசையை நெம்பின் நீளத்தால் பெருக்க வேண்டும் என்று தேர்வில் எழுதினோம். நீளமான ஸ்பானரை மாட்டி முழுப் பலத்தோடு ஆயில் போல்ட்டை இறுக்கினால் என்ன ஆகும்? போல்ட் எஃகு, அது ஏறும் கூடு அலுமினியம். மென்மையான உலோகத்தின் மரை வழுக்கிப்போகும். பிறகு ஆயில் ஒழுகும், கூட்டையே சரிசெய்யும் செலவு வரும். "நல்லா முறுக்கு" என்பது வேறு, "அளவோடு முறுக்கு" என்பது வேறு என்பதைக் கரும்பலகை கற்றுத் தந்தாலும், கை கற்றுக்கொள்வது அந்த இடத்தில்தான்.

எதைத் தொடக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். "எல்லாம் நானே" என்று மார்தட்டும் கட்சியோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிரேக்கைப் பிரித்து மாட்டுவது உயிரோடு விளையாடும் வேலை. தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் செய்யக் கூடாது. பிரேக் கட்டையின் தூசியை வாயால் ஊதுவதை நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் பார்க்கிறேன். சில கட்டைகளில் கல்நார் கலந்திருக்கக் கூடும். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். ஈரத் துணியால் துடைக்க வேண்டும். என்ஜினைத் திறப்பது, கிளட்ச் தட்டு மாற்றுவது, போர்க் சரிசெய்வது இவையெல்லாம் கருவியும் பழக்கமும் உள்ளவர்களின் வேலை. வாரண்டி உள்ள புதிய வண்டியை, அதன் நிபந்தனைகள் சொல்லும் காலம் வரை அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் காட்டுவதே அறிவு. இல்லாவிட்டால் பெரிய பழுது வரும்போது "நீங்கள் வெளியே கை வைத்திருக்கிறீர்கள்" என்று கைவிரித்துவிடுவார்கள்.

இன்னொரு மாற்றத்தையும் மறைக்கக் கூடாது. 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நாடெங்கும் பி.எஸ்.-6 விதி நடைமுறைக்கு வந்தது. கார்பரேட்டர் இருந்த இடத்தில் பெரும்பாலும் பியூயல் இஞ்செக்‌ஷனும், அதை ஆட்டிவைக்கும் கணினிப் பெட்டியும் வந்துவிட்டன. புகை குறைந்தது, நல்லதே. ஆனால் அப்பா ஊதித் திறந்த அந்தச் சிறு துளை இப்போது இல்லை. மஞ்சள் விளக்கு எரிந்தால் அது ஏன் எரிகிறது என்று கேட்க ஒரு ஸ்கேனர் வேண்டும். அது நிறுவனத்தின் கையில் இருந்தால் நாமும், நம் தெருமுனை மெக்கானிக்கும் ஒரே இடத்தில்தான் நிற்கிறோம், வாசலுக்கு வெளியே!

இது வெறும் புலம்பல் என்று எண்ண வேண்டாம். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களும், பழுது கண்டறியும் கருவிகளும், தொழில்நுட்பக் குறிப்புகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காதபடி செய்தார்கள் என்பதே காரணம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-இல் இதே கேள்வியை மக்கள் வாக்குக்கே விட்டார்கள். கார் பழுது பார்க்கும் விவரங்களை உரிமையாளருக்கும் வெளிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று மக்கள் பெருவாரியாக வாக்களித்தனர். நம் நாட்டில் 2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் திறக்கப்பட்டது. உழவுக் கருவி, செல்போன் போன்ற மின்னணுப் பொருள், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என நான்கு துறைகளை அது எடுத்துக்கொண்டது. காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கும் உரிமையைக் கேட்பதற்கும் கொஞ்சம் திறந்து பார்க்கத் தெரிந்திருக்க வேண்டாமா?

1985-இல் ஹீரோ ஹோண்டாவின் சி.டி. 100 வந்தபோது, நிரப்பு, மூடு, மறந்துவிடு என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு விளம்பரம் செய்தார்களாம். இன்றும் பெரியவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த வண்டி உண்மையிலேயே குறைவாகக் குடித்து நிறைய உழைத்தது. பெட்ரோலைப் பற்றிச் சொன்னதை நாம் வண்டி முழுவதற்கும் எடுத்துக்கொண்டுவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

இனி, மெக்கானிக்குகளைப் பற்றி. நாமே எல்லாம் செய்தால் அவர்கள் பிழைப்பு என்ன ஆவது என்று விடுதியில் ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். நியாயமான கேள்வி. பத்தாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்த ஒருவன், வீட்டு நிலைமையால் அத்தோடு நின்று, ஒரு பட்டறையில் சேர்ந்தான். இன்று எங்கள் ஊர்ச் சாலையில் சொந்தமாகத் தகரக் கொட்டகை போட்டிருக்கிறான். அவனிடமே கேட்டேன்.

"ஆயில் மாத்த வர்றவன் போனாப் போறான்டா. அதுல எனக்கு என்ன பெருசா நிக்குது? 'என்னமோ சத்தம் வருது, பாரு'ன்னு சாவியத் தூக்கிப் போட்டுட்டு டீ குடிக்கப் போறான் பாரு, அவனாலதான் என் பொழப்பு போவுது. எப்ப வருது, வண்டி சூடானாவா, பிரேக் புடிச்சாவா, ஏத்தத்துலயா? ஒண்ணும் சொல்லத் தெரியல. அத கண்டுபுடிக்கவே அரை நாள் ஆவுது. அரை நாள் கூலி கேட்டா ஏமாத்துறான்னு பேரு."

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. பட்டறைக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நாம் சொல்வதில் எவ்வளவு உண்மையான ஏமாற்று, எவ்வளவு நம் அறியாமைக்குக் கொடுத்த விலை? நோயைச் சொல்லத் தெரியாத நோயாளியாக வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, வைத்தியரைக் குறை சொல்கிறோம். அவன் என்ஜின் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஸ்குரூ டிரைவரின் முனையை என்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதோரம் ஒட்டி, வால்வு பக்கமா, செயின் பக்கமா என்று சொல்லிவிடுவான். திடப்பொருளில் ஒலி நன்றாகக் கடக்கும் என்று நான் ஏட்டில் படித்தேன். அவன் காதில் படித்திருக்கிறான். ஒரு நாள் பிளக்கை நாமே மாற்றிப் பார்த்து, கை வழுக்கி, நகத்தில் கரி ஏறி, ஒரு மணி நேரம் போராடினால், அவன் கேட்கும் கூலி அதிகமா குறைவா என்பது பேரம் பேசாமலே விளங்கிவிடும்.

கோவை தந்த ஜி.டி. நாயுடுவை நாம் 'அதிசய மனிதர்' என்று பேச்சுப் போட்டிகளில் புகழ்கிறோம். பள்ளிப் படிப்பை முடிக்காத அவர், ஓர் ஆங்கில அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தில் அதை வாங்கி, வீட்டில் பிரித்துப் போட்டு, மீண்டும் பூட்டித் தொழில் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்டவர் அவர்தான். பரிசுக் கோப்பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போகும் பேச்சாளர்களையும் நான் கண்டிருக்கிறேன்!

மாணவியருக்கு இது பொருந்தாது என்று சிலர் நினைக்கலாம். 2018-இல் வேலைக்குப் போகும் மகளிருக்கு மானியத்தோடு இரு சக்கர வாகனம் தரும் திட்டம் தமிழ்நாட்டில் வந்தது. அதற்கு முன்பே நம் சகோதரிகள் ஸ்கூட்டரில் கல்லூரிக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். ஆய்வகம் முடிந்து இருட்டும் நேரத்தில் ஊருக்கு வெளியே வண்டி நின்றால், பிளக் மூடி கழன்றிருக்கிறதா என்று பார்க்கத் தெரிவது வெறும் காசு விஷயமாகாது. வேதியியல் துறை மாணவி ஒருவர் தம் வண்டியின் பேட்டரி முனையில் பூத்த வெண்பூவை வெந்நீரும் சமையல் சோடாவும் கொண்டு கழுவியதைப் பார்த்து, அமிலத்துக்குக் காரம் என்ற பாடம் அவருக்கு எத்தனை உதவியாயிற்று என்று வியந்தேன். அவருக்குத் தெரிந்த அளவு எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது.

சொந்தமாகச் செய்வோர் பக்கம் ஒரு பெருங்குறை உண்டு. வடித்த ஆயிலை என்ன செய்வது? எங்கள் ஊரில் பலர் வாய்க்காலில் ஊற்றிவிடுகிறார்கள். சிலர் வேலிக்கு அடியில். பட்டறைக்காரராவது பீப்பாயில் சேர்த்து விற்கிறார். பயன்படுத்திய ஆயிலைத் தீங்கு விளைவிக்கும் கழிவாகவே 2016-ஆம் ஆண்டு விதிகள் வகைப்படுத்துகின்றன. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போய்ச் சேர வேண்டும். இதற்கு வழி செய்யாமல், "நாமே ஆயில் மாற்றுவோம்" என்று நூறு மாணவர்களைக் கிளப்பிவிட்டால், நான் செய்தது நன்மையாகாது.

ஆகவே ஒரு வேண்டுகோளை நம் முதல்வர் அவர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் பணிவோடு முன்வைக்கிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை, நாட்டு நலப் பணித் திட்டத்தின் சார்பிலோ, இயற்பியல் மன்றத்தின் சார்பிலோ, நிறுத்துமிடத்துக்குப் பின்னால் சும்மா கிடக்கும் பழைய சைக்கிள் கொட்டகையைத் திறந்துவிட வேண்டும். ஒரு ஸ்பானர் செட், இரண்டு பிளக் ஸ்பானர், பிளக்கின் இடைவெளி பார்க்கும் கேஜ், காற்று அளக்கும் கருவி, கால் பம்பு, ஆயில் தட்டு, ஒரு மூடி போட்ட பீப்பாய். என் கணக்கில் மூவாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். சொல்லிக்கொடுக்க ஆளை வெளியே தேட வேண்டியதில்லை. பத்தாம் வகுப்போடு நின்ற என் நண்பன் மாதம் ஒரு காலை வருவதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறான். பீப்பாய் நிறைந்தால், தன் பட்டறை ஆயிலை எடுக்க வருபவரிடமே அதையும் சேர்த்துக் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறான். அவனுக்கு ஒரு நாள் கூலியை மன்றத்தின் நிதியிலிருந்து தர வேண்டும் என்பது என் ஒரே நிபந்தனை. இலவசமாக வரச் சொல்லக் கூடாது. மற்ற சிறப்பு விருந்தினர்களுக்குப் போடும் நாற்காலியை அவனுக்கும் போட வேண்டும். அதில் அவன் உட்காரமாட்டான் என்பது எனக்குத் தெரியும். வந்தவுடன் யார் வண்டியையாவது சாய்த்து வைத்து அடியில் பார்க்க ஆரம்பித்துவிடுவான். இருந்தாலும் போட வேண்டும்.